ஓட்ஸ் கஞ்சியில் புரதம் எங்கே இருக்கிறது?

மும்பையில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், முன்பெல்லாம் ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்ததா என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். இப்போது அந்த இடத்தைச் சர்க்கரையும் கொலஸ்டிராலும் பிடித்துக்கொண்டுவிட்டன. மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதும், செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படிகளில் இளைப்பாறும்போதும் காதில் விழுவது ஒன்றே: "இட்லியை விட்டுவிட்டோம் சார், காலையில் ஓட்ஸ்தான். அதில் புரோட்டீன் அதிகமாமே!"

அதிகம்தானா? எவ்வளவு அதிகம்? எதைவிட அதிகம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் நம் வாசகர்களுக்குப் புரியும்படி விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ முடித்துவிட்டு மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அளந்து பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அந்தத் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். அந்தப் பழக்கத்தைச் சமையலறைக்குக் கொண்டு போனதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்ஸ் நல்ல தானியம். ஆனால் அது தானியம்தான். பருப்பு அல்ல, மருந்தும் அல்ல. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓட்ஸ் கஞ்சியில் புரதம் குறைவு. அதோடு பருப்பையும் பாலையும் (அல்லது தயிரையும்) கூட்டினால்தான் அது நிறைந்த உணவாகிறது. கூட்டும் வித்தை நம் பாட்டிமார் பொங்கலிலும் இட்லியிலும் ஏற்கனவே செய்து வைத்ததுதான்.

ஓட்ஸ் என்பது எது?

குளிர் நாடுகளில் விளையும் புல்லினத் தானியம் ஓட்ஸ். வட இந்தியாவில் இதை 'ஜை' என்பார்கள். பெரும்பாலும் மாட்டுக்குப் பசுந்தீவனமாகப் பயிரிடுகிறார்கள். 1755-ல் சாமுவேல் ஜான்சன் என்ற ஆங்கிலப் பேரறிஞர் தாம் தொகுத்த அகராதியில், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் இந்தத் தானியம் ஸ்காட்லாந்தில் மனிதர்களைத் தாங்குகிறது என்று கிண்டலாகவே பொருள் எழுதி வைத்தார். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது, நமக்குக் கேழ்வரகும் கம்பும் போல, ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவான கஞ்சி.

ஓட்ஸில் மற்றத் தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். உமி நீக்கியதும் அந்தக் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும். ஆகவே ஆலையிலேயே நீராவியில் வேகவைத்து உலர்த்தி, பிறகு உருளைகளுக்கிடையே விட்டு நம் அவல் போலத் தட்டுகிறார்கள். கடையில் மூன்று வகை கிடைக்கும். ரவை போல் உடைத்தது ஒன்று. அது வேக அரை மணி ஆகும். கெட்டி அவல் போல் தட்டியது இரண்டாவது. மெல்லிய அவலாக, வெந்நீர் பட்டதும் குழைந்துவிடுவது மூன்றாவது. மூன்றிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மெல்லியது சீக்கிரம் செரித்து இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் முதல் இரண்டு வகைகளையே வாங்குவது நல்லது.

ஓட்ஸின் உண்மையான சிறப்பு புரதம் அல்ல, அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. கஞ்சி கொழகொழவென்று வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொலஸ்டிரால் ஓரளவு குறைகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான், கொழுப்புக் குறைந்த உணவோடு சேர்ந்தால் இதயத்துக்கு நல்லது என்று டப்பாவில் அச்சிட அமெரிக்க அரசு 1997-ல் அனுமதி தந்தது. 100 கிராம் ஓட்ஸில் அது சுமார் 4 கிராம் இருக்கும். ஆக, 3 கிராம் வேண்டுமானால் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். ஒரு வேளைக்கு நாம் போடும் 40 கிராமில் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். நல்லதுதான், ஆனால் "ஓட்ஸ் சாப்பிடுகிறேனே" என்று கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்துவதற்கு இது காரணம் ஆகாது.

எண்கள் என்ன சொல்கின்றன?

இனிப் புரதத்துக்கு வருவோம். கீழே உள்ளவை சமைக்காத, உலர்ந்த பொருள் 100 கிராமுக்கு உரிய தோராயமான அளவுகள்.

புழுங்கல் அரிசி: 7 முதல் 8 கிராம்
கேழ்வரகு: 7 கிராம்
கம்பு: 11 கிராம்
கோதுமை: 11 கிராம்
ஓட்ஸ்: 12 கிராம்
பாசிப்பருப்பு: 24 கிராம்
உளுத்தம்பருப்பு: 23 கிராம்
பொட்டுக்கடலை: 22 கிராம்
நிலக்கடலை: 24 கிராம்

பால், தயிர் இரண்டிலும் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம். பன்னீரில் 18 கிராம். ஒரு கோழி முட்டையில் 6 கிராம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று விளங்கும். தானியங்களுக்குள் ஓட்ஸ் சற்று முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் எந்தப் பருப்போடு ஒப்பிட்டாலும் பாதிதான்.

இப்போது இட்லிக்கு ஒரு கணக்குப் போடுவோம். அரிசி 3 பங்கு, உளுந்து 1 பங்கு. 75 கிராம் அரிசியில் 5½ கிராம் புரதம், 25 கிராம் உளுந்தில் 6 கிராம் புரதம். கூட்டினால் 100 கிராம் இட்லிக் கலவையில் 11½ கிராம். ஓட்ஸில் 12. ஆக, வித்தியாசம் அரை கிராம்! தாராவியில் பொழுது விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் அடுக்கி, ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்க வருகிறார்களே நம் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள், அவர்கள் பாத்திரத்தில் இருக்கும் உணவு, புரதத்தைப் பொறுத்தவரை, வண்ண டப்பாவுக்கு ஒன்றும் இளைத்தது அல்ல. சட்னிக்கும் சாம்பாருக்கும் உரிய பருப்பைச் சேர்த்தால் இட்லியே முன்னால் போய்விடும்.

எனவே புரதத்துக்காக இட்லியை விட்டு ஓட்ஸுக்கு மாறுவதில் பொருள் இல்லை. நார்ச்சத்துக்காக, வாரத்தில் சில நாள் மாறுதலுக்காக, மாவு அரைக்க நேரம் இல்லாததற்காக மாறலாம். மாறினால், குறையை நிரப்பிக்கொண்டு மாற வேண்டும்.

ரேக்கின் வேகமும் லைசினும்

புரதத்தில் அளவு மட்டும் போதாது, தரமும் வேண்டும் என்கிறார்கள். இதை ரயில்வே மொழியில் சொன்னால் எளிதாக இருக்கும்.

ஒரு வண்டியில் இருபது பெட்டிகள் இருக்கின்றன. பத்தொன்பது பெட்டிகள் மணிக்கு 130 கிலோமீட்டர் ஓட அனுமதி பெற்றவை. ஒன்று மட்டும் 110-க்குத்தான் அனுமதி பெற்றது. முழு வண்டியும் 110-ல்தான் ஓட வேண்டும். எஞ்சினுக்குச் சக்தி இருந்தும் பயனில்லை.

புரதமும் அப்படித்தான். அது அமினோ அமிலங்கள் என்னும் துண்டுகள் கோத்த சங்கிலி. அவற்றில் ஒன்பதை நம் உடல் தானாகச் செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்தே வர வேண்டும். ஒன்பதில் எது குறைவோ, அதுவே மற்றவற்றின் பயனையும் கட்டுப்படுத்திவிடும். தானியங்களில் குறையும் பெட்டியின் பெயர் லைசின்.

பெரியவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2007-ல் வெளியிட்ட அளவு. ஓட்ஸ் புரதத்தில் சுமார் 40 இருக்கிறது. அரிசியில் இன்னும் சற்றுக் குறைவு. கோதுமையில் மிகவும் குறைவு. பாசிப்பருப்பிலோ 65-க்கு மேல் இருக்கிறது. பருப்பில் குறைவது மெத்தியோனின் என்ற வேறொரு துண்டு. அது தானியத்தில் தாராளம். ஆக, ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 40 கிராம் ஓட்ஸில் 5 கிராம் புரதம், அதில் லைசின் 200 மில்லிகிராம். 25 கிராம் பாசிப்பருப்பில் 6 கிராம் புரதம், லைசின் சுமார் 400. கூட்டினால் 11 கிராம் புரதத்துக்கு 600 மில்லிகிராம். வகுத்தால் கிராமுக்கு 54. வேண்டியது 45. வண்டி முழு வேகத்தில் ஓடும்!

வெண்பொங்கலில் பாசிப்பருப்பு ஏன், இட்லியில் உளுந்து ஏன், அடையில் நாலு பருப்பு ஏன் என்பதற்கு விடை இதுவே. நம் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களின் தாலிபீட்டுக்கு உரிய பாஜணி மாவையும் பாருங்கள். கம்பு, சோளம், அரிசியோடு கடலையும் உளுந்தும் வறுத்து அரைத்தது. வெவ்வேறு ஊர்க்காரர்கள், அமினோ அமிலம் என்ற சொல்லே தோன்றாத காலத்தில், ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஒரு தமிழரும் ஒரு மராத்தியரும்

இந்தப் பழைய அறிவுக்கு விஞ்ஞானச் சபையில் இடம் வாங்கித் தந்தவர்களுள் ஒரு தமிழரும் ஒரு மராத்தியரும் உண்டு என்பது, மும்பையில் வாழும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

1918-ல் குன்னூரில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்து மருத்துவர் தொடங்கிய ஆராய்ச்சிதான், 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநராக விளங்கியவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன். அவரும் அவருடைய சகாக்களும் தொகுத்து 1971-ல் வந்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணை பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல். 2019-ல், நூறு வயது நிறைந்து அவர் காலமானார்.

மற்றவர் சாத்தாரா மாவட்டத்தில் பிறந்த பி.வி.சுகாத்மே. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பில் புள்ளியியல் துறையை நடத்தியவர், 1997-ல் மறைந்தார்.

1960-களில் உலகத்தில் 'புரதப் பஞ்சம்' வந்துவிட்டது என்று பெரிய பேச்சு நடந்தது. 1968-ல் ஐக்கிய நாடுகள் சபையே அப்படியோர் அறிக்கை வெளியிட்டது. மீன் மாவு, பெட்ரோலியத்தில் வளர்க்கும் நுண்ணுயிர் என்று எதையெதையோ புரதமாக்கி ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்றார்கள். கோபாலனும் சுகாத்மேயும் அதை ஏற்கவில்லை. நம் குழந்தைகள் உண்ணும் தானியமும் பருப்பும் கலந்த உணவில் கோளாறு இல்லை. அது வயிறு நிறையக் கிடைக்கவில்லை என்பதே கோளாறு என்று கணக்கோடு எடுத்துக் காட்டினார்கள். 1974-ல் டொனால்ட் மெக்லாரன் என்பவர் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில், புரதப் பஞ்சக் கூச்சலைப் பெரும் தோல்வி என்றே குறிப்பிட்டு எழுதினார்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரதப் பவுடர் டப்பா வாங்கி வருகிறார்கள். அந்த வீடுகளுக்கு இந்தப் பழைய கதை பொருந்தும். அதே ஹைதராபாத் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், உடம்பை வளர்க்கப் புரதப் பவுடர்கள் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

யாருக்கு உண்மையில் குறைகிறது?

அப்படியானால் புரதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். ஆனால் கவலைப்பட வேண்டியவர்கள் பயிற்சிக் கூடத்துப் பையன்கள் அல்லர். என்னைப் போன்ற அறுபது தாண்டியவர்களும், வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் பெண்களும்தான்.

வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குறித்த அளவு. 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். தானியமே பிரதானமாக உண்பவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று பல நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. வயது ஏற ஏற, அதே புரதத்திலிருந்து தசையைக் கட்டும் திறன் உடம்புக்குக் குறைந்துவிடுவதே காரணம். வேண்டியது ஏறுகிறது, ஆனால் வயதானால் சாப்பாட்டின் அளவு இறங்குகிறது. பல்லும் ஒத்துழைப்பதில்லை. காலையில் காப்பியும் நாலு பிஸ்கட்டும், மத்தியானம் ரசம் சாதம், இரவு அரைக் கரண்டி உப்புமா என்று நாள் கழிந்துவிடுகிறது. அன்று கோபாலன் சொன்ன குழந்தைக்கு இன்னும் ஒரு பிடி அதே உணவு போதும். இந்த வயதில் இன்னும் ஒரு பிடி இறங்காது. ஆகவே இறங்கும் பிடியில் பருப்பின் பங்கைக் கூட்ட வேண்டும்.

குறைகிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுவதும் எழுந்து உட்காருங்கள். அருகில் ஒருவர் நின்று கடிகாரத்தைப் பார்க்கட்டும். 15 வினாடிக்கு மேல் ஆனால் கால் தசை பலவீனம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு வைத்திருக்கிறது. 2019-ல் ஆசிய நாடுகளின் குழு அந்த எல்லையை 12 வினாடியாகவே குறைத்துவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்த என் மனைவி, அதன் பிறகு ரயில் நிலைய மேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் ஏறினாள். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்பது அவள் எண்ணம். நாற்காலிச் சோதனையில் 18 வினாடி ஆயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, வேறு நோய் இல்லை, சாப்பாட்டைச் சரி செய்யுங்கள், தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யுங்கள் என்றார். அன்று முதல் எங்கள் வீட்டுக் காலை உணவு கீழே சொல்லும் முறைக்கு மாறியது. நாலு மாதத்தில் 13 வினாடிக்கு வந்தாள். சாப்பாடு மட்டுமே செய்ததென்று சொல்ல மாட்டேன். பயிற்சிக்கும் பாதிப் பங்கு. சிமெண்டும் மணலும் வந்து இறங்கிவிட்டால் சுவர் எழும்பிவிடாது; கொத்தனாரும் வேலை செய்ய வேண்டும் அல்லவா?

செய்முறை

1. ஓட்ஸ் பருப்புப் பொங்கல் (4 பேருக்கு)

கெட்டி ஓட்ஸ் 2 டம்ளர் (160 கிராம்), பாசிப்பருப்பு அரை டம்ளருக்குச் சற்று அதிகம் (100 கிராம்), வறுத்த நிலக்கடலை 60 கிராம், இஞ்சி, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, எண்ணெய் அல்லது நெய் 4 டீஸ்பூன், உப்பு.

பருப்பை வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி, 2 டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேக வையுங்கள். ஓட்ஸைக் குக்கரில் போட வேண்டாம். அது நுரைத்துப் பொங்கி மேலே வந்து நீராவிக் குழாயை அடைத்துவிடும். அழுத்தம் வெளியேற வழியில்லாத பாத்திரம் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அகலமான பாத்திரத்தில் ஓட்ஸை ஈரம் போக மூன்று நிமிடம் வறுத்து, 4 டம்ளர் வெந்நீர் விட்டு, சிறு தீயில் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். வெந்த பருப்பையும் உப்பையும் சேர்த்து, தாளித்துக் கொட்டி, கடலையை மேலே தூவி இறக்குங்கள். ஓட்ஸை முதலில் வறுத்தால் கொழகொழப்பு குறையும். ஓட்ஸ் பிடிக்காது என்பவர்களும் சாப்பிடுவார்கள். இதோடு ஒவ்வொருவரும் ஒரு கிண்ணம் தயிர் (150 கிராம்) சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்குக் கணக்கு: ஓட்ஸ் 5, பருப்பு 6, கடலை 3½, தயிர் 4½. மொத்தம் 19 கிராம். முட்டை சாப்பிடுபவர்கள் ஒன்று அவித்து வைத்துக்கொண்டால் 25.

2. பால் கஞ்சி (ஒருவருக்கு)

அரை டம்ளர் ஓட்ஸை (40 கிராம்) ஒரு டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, கடைசியில் காய்ச்சிய பால் 250 மில்லி விடுங்கள். முதலிலேயே பாலை விட்டால் அடிபிடிக்கும். பொட்டுக்கடலை மாவு 20 கிராமைக் கட்டியில்லாமல் கரைத்துச் சேருங்கள். பொடித்த நிலக்கடலை 15 கிராம், ஏலக்காய். இனிப்புக்கு இரண்டு பேரீச்சம்பழம் போதும். ஓட்ஸ் 5, பால் 8, பொட்டுக்கடலை 4½, நிலக்கடலை 3½: மொத்தம் 21 கிராம். தபேலாவிலிருந்து வரும் எருமைப்பால் ஆனால் காய்ச்சி ஆறவைத்து ஏட்டை எடுத்துவிடுங்கள். புரதம் பாலிலேயே இருக்கும்.

3. லோக்கல் ரயிலைப் பிடிப்பவர்களுக்குக் கஞ்சி மாவு

ஓட்ஸ் 400 கிராம், பாசிப்பருப்பு 200, பொட்டுக்கடலை 100, நிலக்கடலை 100. ஓட்ஸ், பாசிப்பருப்பு, நிலக்கடலை மூன்றையும் தனித்தனியாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பொடியுங்கள். சூட்டோடு அரைத்தால் கடலை எண்ணெய் விட்டுப் பிசுபிசுக்கும். 50 கிராம் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, ஒரு டம்ளர் பால் சேர்த்தால் 15 கிராம் புரதம். நம் மும்பை ஈரக் காற்றில் இது சீக்கிரம் காறும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

டப்பாவைப் படிக்கும் முறை

கடையில் வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, புரத அளவு 100 கிராமுக்கா, ஒரு வேளைக்கா, பாலோடு சேர்த்தா என்பது. பாலோடு சேர்த்துப் போட்டிருந்தால், அதில் பாதிப் புரதம் நம் வீட்டுப் பாலுடையது! இரண்டாவது, மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகளில் உப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோடியம் என்ற வரியைப் பார்க்க வேண்டும். மூன்றாவது விலை. 100 கிராமின் விலையை 100 கிராமில் உள்ள புரதத்தால் வகுத்தால் ஒரு கிராம் புரதத்தின் விலை வந்துவிடும். பாசிப்பருப்புக்கும், ஓட்ஸுக்கும், பவுடர் டப்பாவுக்கும் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள். பிறகு பணத்தை எங்கே போடுவது என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள்.

எச்சரிக்கையாகச் சில வார்த்தைகள்

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நெடுநாளாக உள்ளவர்கள், கிரியாட்டினின் பரிசோதனை செய்து பார்த்த பிறகே தொடங்குவது நல்லது. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள், கோதுமை கலவாதது என்று குறித்த ஓட்ஸையே வாங்க வேண்டும். ஒரே ஆலையில் இரண்டும் அரைபடுவதுண்டு. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சி குடிக்க வேண்டும். நார்ச்சத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் வயிறு உப்பும். பாதி அளவில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அதை விலக்கிவிட வேண்டும்.

ஓட்ஸ் கிடைக்கவில்லை என்றாலும் குறை ஒன்றும் இல்லை. கம்பு, கேழ்வரகு, கோதுமை ரவை எதையும் இதே அளவில் போட்டுக்கொள்ளலாம். கேழ்வரகில் புரதம் சற்றுக் குறைந்தாலும், 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. எலும்புக்கு அது பெரிய துணை. தானியம் எதுவானாலும், பருப்பும் பாலும் தட்டில் உண்டா என்பதே கேள்வி.

வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, வீட்டில் உள்ள பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு, வீட்டுப் பெண்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, மேலே உள்ள பட்டியலை வைத்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 15 கிராமுக்குக் கீழே இருந்தால், மறுநாள் காலை பொங்கல் பாத்திரத்தில் இன்னும் ஒரு பிடி பாசிப்பருப்பு விழட்டும்.